புது மோடம் ரவுட்டர், போய்ப் போய் வரும் இணைப்பு

மார்ச் 4, இரவு

பழைய மோடம் இருந்தவரை இணைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேகமான திட்டத்துக்கு மாறியதும் சேவை நிறுவனம் புது மோடம் ரவுட்டர் ஒன்றை அனுப்பியது. அன்று முதல் தொல்லைதான். பகலில் பரவாயில்லை, விளக்கு வைக்கும் நேரமானால் இணைப்பு போய்ப் போய் வருகிறது. போனால் ஓரிரு நிமிடத்தில் தானாகவே திரும்பி விடும். கூப்பிட்டுக் கேட்டால் அணைத்துப் போடுங்கள், ரீசெட் செய்யுங்கள் என்கிறார்கள். செய்தாயிற்று. இப்போது பெட்டியையே மாற்றித் தருகிறோம் என்கிறார்கள்.

பெட்டி பழுது என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்குள் கோளாறு என்றால் அது ஏன் மாலை வரும்வரை காத்திருக்க வேண்டும்? விடிஎஸ்எல் இணைப்பு, அதாவது தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே வரும் இணையம், மோடமும் வைஃபையும் ஒரே பெட்டியில். இந்த மன்றத்தில் இதே சிக்கலில் இருந்து வெளியே வந்தவர்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள்?

மார்ச் 5, காலை

நிறைய யோசனைகள் வந்திருக்கின்றன. வைஃபை சேனலை மாற்று, டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) 8.8.8.8 என்று வை, ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பி, எம்டியூவை (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு) குறை, பெட்டியை உயரத்தில் வை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வேலை செய்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் எதையும் தொடாமல் முதலில் பார்க்கப் போகிறேன். "நெட் போச்சு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நான்கைந்து தனித்தனி இணைப்புகள் இருக்கின்றன. ஃபோனிலிருந்து ரவுட்டர் வரை வைஃபை. மோடத்திலிருந்து தெருமுனைப் பெட்டி வரை செம்புக் கம்பி. அந்தக் கம்பி மேல் நிறுவனத்தோடு பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துத் திறக்கும் பிபிபிஓஇ அமர்வு. அதற்கு மேல் டிஎன்எஸ். இதில் எது விழுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்.

மார்ச் 5, இரவு

மூன்று கடிகாரங்களைப் பார்த்தேன். இதை விவரமாகவே எழுதுகிறேன், இங்கே பலர் இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை என்று தெரிகிறது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் போட்டு உள்ளே போனால் நிலை காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதில் பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது, டிஎஸ்எல் (அந்தச் செம்புக் கம்பி இணைப்பு) எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறது, இணைய அமர்வு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று மூன்று நேரங்கள் இருக்கும். இணைப்பு போய் வந்த கையோடு இந்த மூன்றையும் பாருங்கள். எந்தக் கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து ஓட ஆரம்பித்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

மூன்றுமே புதிதாக ஆரம்பித்திருந்தால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது: மின்சாரம், அடாப்டர், சூடு, ஃபர்ம்வேர். பெட்டியின் நேரம் தொடர்ந்து ஓட, டிஎஸ்எல் நேரமும் அமர்வு நேரமும் மட்டும் புதிதாக இருந்தால் கம்பி. அமர்வு மட்டும் புதிது என்றால் கம்பி நன்றாக இருக்கிறது, நிறுவனத்தின் பக்கம் ஏதோ. மூன்றும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க உங்கள் ஃபோனில் மட்டும் நெட் இல்லையா? அப்போது வைஃபையையும் டிஎன்எஸ்ஸையும் பாருங்கள்.

என் வீட்டில் பெட்டியின் நேரம் தொடர்ந்து ஓடுகிறது. டிஎஸ்எல் நேரம் புதிதாக ஆரம்பித்திருக்கிறது. ஆக, சேனலை மாற்றுவதாலோ டிஎன்எஸ் மாற்றுவதாலோ எனக்கு ஒரு பயனும் இல்லை.

மார்ச் 6

தன் மாடலில் டிஎஸ்எல் நேரமே காட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியானால் பெட்டி நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் பக்கத்தைப் பாருங்கள். வரிசைக்கு நடுவே திடீரென்று 1970 ஜனவரி 1 என்று தேதி வந்தால் பெட்டி அங்கே அணைந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் நேரத்தைக் காப்பாற்றி வைக்கும் பேட்டரி கிடையாது. எழுந்ததும் 1970இலிருந்து எண்ணத் தொடங்கும், இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சில மாடல்களில் 1970க்குப் பதில் ஃபர்ம்வேர் தயாரான ஆண்டு வரும்.

தேதி குழம்பாமல், டிஎஸ்எல் போனது வந்தது என்று மட்டும் வரிகள் இருந்தால் கம்பிதான்.

மார்ச் 6, பிற்பகல்

அடாப்டர் பற்றி. பழைய அடாப்டர் அதே துளையில் பொருந்துகிறதே, அதையே மாட்டலாமா என்று கேட்டவருக்கு: பொருந்துவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டருக்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டருக்கும் முனை ஒரே மாதிரிதான் இருக்கும். குறைந்த ஆம்பியரில் பெட்டி எழும், விளக்கு எரியும், வைஃபையும் வரும். நாலைந்து பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போதோ யுஎஸ்பியில் டிஸ்க் மாட்டும்போதோ தாங்காமல் அணைந்து எழும். லாக்கில் 1970 வரிகள் வருவதாகச் சொல்லும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எனக்கு அந்த வரிகள் இல்லை, ஆகவே அடாப்டர் சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 7, இரவு

நேற்றும் இன்றும் எஸ்என்ஆர் மார்ஜினைக் குறித்து வைத்தேன். தெரியாதவர்களுக்கு: கம்பியில் இரைச்சலுக்கு மேல் சமிக்ஞைக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. டெசிபலில் வரும். மோடம் இணையும்போது வழக்கமாக 6 டெசிபல் மிச்சம் வைத்துத்தான் தன் வேகத்தை முடிவு செய்யும். அப்புறம் இரைச்சல் கூடினால் அந்த மிச்சம் கரையும். பூஜ்ஜியத்தை நெருங்கினால் பிழைகள் குவிந்து, மோடம் பிடியை விட்டுவிட்டுப் புதிதாக இணையும். எனக்கு வரும் அந்த ஓரிரு நிமிட இடைவெளி இதுதான், விடிஎஸ்எல் மறுபடி பேசிப் பிடிக்க ஆகும் நேரம்.

பகலில் 6க்குப் பக்கத்தில் நிற்கிறது. மாலையில் 2க்கும் கீழே.

மாலையில் கொஞ்சம் இறங்குவது இயல்புதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீடியம் வேவ் வானொலி அலைகள் இருட்டிய பிறகு வெகு தூரம் போகும், இரவில் தொலைதூர நிலையங்கள் கேட்பது அதனால்தான். அந்த அலைவரிசை டிஎஸ்எல் பயன்படுத்தும் அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது. ஆகவே கம்பி அதையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த இறக்கம் மெல்ல மெல்ல வரும், சூரியன் மறைவதோடு சேர்ந்து நகரும். என் வீட்டில் எண் சரிவாக இறங்கவில்லை, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. ஒரு நிமிடம் 5.5, அடுத்த நிமிடம் 2. வீட்டுக்குள் யாரோ எதையோ போடுகிறார்கள்.

மார்ச் 8

"பழைய மோடத்தில் இந்த இரைச்சல் இல்லையா?" என்று நியாயமான கேள்வி வந்திருக்கிறது. என் மனதை நேற்றிலிருந்து அரிப்பதும் இதுதான்.

இரைச்சல் இருந்திருக்கும். பழைய மோடம் ஏடிஎஸ்எல்2+, டிஎஸ்எல்லில் முந்தைய வகை. அது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பயன்படுத்தும். புதியது விடிஎஸ்எல்2, இந்த லைனில் 17 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரை போகிறது. பெட்டி மாறிய அன்றே அதே கம்பி மேல் ஓடும் அலைவரிசையும் பல மடங்கு விரிந்துவிட்டது. தாழ்ந்த அலைவரிசையில் தெரியாத குறைகள் உயர்ந்த அலைவரிசையில் வெளியே வரும். இப்போது பெட்டியை மாற்றினால் இன்னொரு புதுப் பெட்டி இதே கம்பியில் இதே மாதிரி தடுமாறும். மாற்றித் தருகிறோம் என்பதை நான் ஏற்காதது இதனால்தான்.

மார்ச் 8, இரவு

வீட்டுக்குள் தொலைபேசி வயர் எங்கெங்கே போகிறது என்று தேடினேன். மாடி அறையில் முன்பு ஒரு ஃபோன் இருந்தது. ஃபோனை எடுத்து ரொம்ப காலம் ஆகிறது, வயர் இன்னும் முதல் சாக்கெட்டிலிருந்து கிளம்பி மாடி வரை போய் வெறும் முனையாக நிற்கிறது. தட்டை வயர், உள்ளே முறுக்கு இல்லை.

இந்த ஒன்றுமில்லாத வயர்தான் எனக்கு இப்போது முதல் சந்தேகம். இரண்டு காரணம். முதலாவது, முடிவில் எதுவும் மாட்டப்படாத கிளைக் கம்பிக்குள் போகும் சமிக்ஞை, முனையில் மோதித் திரும்பி வரும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அலைவரிசையில், திரும்பி வருவது வந்துகொண்டிருப்பதை அழித்துவிடும். செம்புக் கம்பியில் சமிக்ஞை நொடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் கிளைக்கு சமிக்ஞை அழியும் அந்தப் பள்ளம் 5 மெகாஹெர்ட்ஸில் விழும். ஏடிஎஸ்எல்2+ அந்த உயரத்துக்குப் போவதே இல்லை, அதனால் அதற்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. விடிஎஸ்எல்லுக்கு நட்ட நடுவில் அடி.

இரண்டாவது, முறுக்கில்லாத வயர் ஆன்டெனா. ஒரு ஜோடிக் கம்பியை முறுக்குவதே, வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறி ஒன்றை ஒன்று கழித்துவிடட்டும் என்பதற்காக. தட்டை வயரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மாடி அறையில் எது இரைந்தாலும் அது நேராக மோடத்துக்கு வரும்.

மார்ச் 9

முதல் சாக்கெட்டில் மாடி வயரைக் கழற்றிவிட்டு, மோடத்தைச் சின்ன வயரால் நேராக மாட்டினேன். பிடித்த வேகம் உடனே கூடியது. மாலையில் மார்ஜின் இறங்கியது, ஆனால் 4க்குக் கீழே போகவில்லை. இணைப்பு அறவில்லை.

மாடியில் ஃபோன் வேண்டும் என்பவர்கள் வயரைப் பிடுங்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து லைன் வந்து சேரும் முதல் இடத்திலேயே, குரலையும் டேட்டாவையும் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் வையுங்கள். ஃபோன் பக்கம் உயர்ந்த அலைவரிசை போகாது, ஆகவே அதன் பின்னால் கிளைகள் எத்தனை இருந்தாலும் மோடத்துக்குத் தெரியாது. மோடத்தை டேட்டா பக்கத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி ஃபில்டர் போடும் முறை குரலில் வரும் இரைச்சலைத் தடுக்கும், ஆனால் கிளைக் கம்பியை அது மறைப்பதில்லை. எனக்கு ஸ்ப்ளிட்டரை முதல் இடத்தில் வைப்பதுதான் சரி என்று படுகிறது.

மார்ச் 9, இரவு

ஒரு அவசரக் குறிப்பு. சோதனை செய்கிறோம் என்று மோடத்தை அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள். பல நிறுவனங்களில் லைன் எத்தனை முறை அறுகிறது என்று தானாகவே கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. அடிக்கடி அறுந்தால் லைன் நிலையாக இல்லை என்று முடிவு செய்து, வேகத்தைக் குறைக்கும் அல்லது பிழை திருத்தத்துக்காகத் தாமதத்தைக் கூட்டும். நீங்கள் கையால் அணைப்பதும் அதன் கண்ணுக்கு அறுந்த மாதிரியே தெரியலாம். ஒரு மாற்றம் செய்தால் ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மூலக் காரணத்தைச் சரிசெய்த பிறகும் வேகம் உடனே ஏறாமல் இருப்பதற்கு இதுவும் காரணம், அது தன் நேரத்தில்தான் தளர்த்தும்.

மார்ச் 11

மார்ஜின் படிக்கட்டு மாதிரி இறங்கியதற்குக் காரணத்தைப் பிடித்துவிட்டேன். மாடி மேசை எல்இடி விளக்கின் அடாப்டர்.

பேட்டரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்றை எடுத்து, ஏஎம்மில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டுக்குள் நடந்தேன். அந்த மேசை கிட்டே போனதும் இரைச்சல் காதைப் பிய்த்தது. விளக்கை அணைத்தால் நின்றது, போட்டால் வந்தது. கீழே மார்ஜினைப் பார்க்க ஒருவரை உட்கார வைத்தேன். விளக்கோடு சேர்ந்து எண்ணும் ஏறி இறங்கியது. இந்த மாதிரி அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மாற்றுகின்றன. உள்ளே வடிகட்டி சரியில்லாவிட்டால் அந்த வெட்டு முழுவதும் காற்றிலும் மின்வயரிலும் கசியும்.

அடாப்டரை மாற்றியாயிற்று. இன்று மாலை 5.5இலேயே நின்றது.

மார்ச் 12

தனக்கும் இணைப்பு போகிறது என்று கேட்ட, ஃபைபர் (ஒளியிழை) வைத்திருக்கும் நண்பருக்கு. உங்களுக்கு மேலே சொன்ன செம்புக் கதை எதுவும் பொருந்தாது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம், வீட்டில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அந்த விளக்கு எரியாமலே இணைப்பு அவ்வப்போது போனால் உள்ளே வரும் ஒளியின் அளவைப் பாருங்கள். ஜிபான் என்ற ஃபைபர் வகைப் பெட்டியில் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) எல்லையை ஒட்டி இருந்தால் நிறுவனத்திடம் பேசிச் சரிசெய்யச் சொல்லுங்கள், மைனஸ் 20க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. அதற்கு முன் இழை எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா என்று பாருங்கள். இழையின் முனையில் இருக்கும் இணைப்பான் பச்சை, நீலம் என்று வரும், பச்சை முனையைப் பச்சையோடுதான் சேர்க்க வேண்டும். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணைப் பாதிக்கலாம்.

மார்ச் 13

சரியாக அரை மணிக்கு ஒருமுறை, சரியாக ஒரு நாளுக்கு ஒருமுறை என்று போகிறவர்கள் இரண்டு பேர். இவ்வளவு ஒழுங்காகப் போனால் இரைச்சலைத் தேட வேண்டாம், எங்கோ ஒரு டைமர் ஓடுகிறது. டிஎச்சிபி என்ற, முகவரியைத் தானாகத் தரும் முறையில் ஐபி முகவரி வாடகைக்குத்தான் கிடைக்கிறது. வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் ரவுட்டர் புதுப்பிக்கக் கேட்கும், பதில் இல்லாவிட்டால் 87.5 சதவீதத்தில் வேறு யாராவது தருவார்களா என்று மறுபடி கேட்கும், முழுக் காலமும் முடிந்தால் முகவரி போய்விடும். இடைவெளியை உங்கள் வாடகைக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை அமர்வு மட்டும் அறுந்து உடனே வந்தால் நிறுவனமே வெட்டுகிறதா என்று கேளுங்கள். ஜெர்மனியில் டிஎஸ்எல் இணைப்புகளில் இது வெகு காலம் இருந்த நடைமுறை. மூன்று கடிகாரக் குறிப்பில் அமர்வு விழுந்தால் நிறுவனத்தின் பக்கம் கோளாறு என்று எழுதியிருந்தேன். இப்படி வேண்டுமென்றே செய்வதும் அதில் சேரும்.

மார்ச் 15

மறுபடி போனது! ஆனால் இந்த முறை வேறு. கடிகாரங்கள் மூன்றில் எதுவும் புதிதாக ஆரம்பிக்கவில்லை. டிஎஸ்எல் நேரம் விளக்கின் அடாப்டரை மாற்றிய நாளிலிருந்து தொடர்ந்து ஓடுகிறது. மார்ஜின் நன்றாக இருக்கிறது. கேபிளில் மாட்டிய கணினியில் இணையம் ஓடுகிறது. ஃபோன்களில் மட்டும் வைஃபை பெயரே காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பியது. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் பழைய நோயே திரும்பிவிட்டது என்று மறுபடி கம்பியில் கை வைத்திருப்பேன்.

மார்ச் 16

லாக்கில் இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தானாகச் சேனல் 100ஐத் தேர்ந்திருக்கிறது. 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும், அரை மணி நேரத்துக்கு அங்கே திரும்பக் கூடாது. அதே வகைச் சேனல் வேறொன்றுக்குப் போனாலும் குறைந்தது 60 நொடி வாயை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேச முடியும். பெயர் மறைந்தது அந்த நேரத்தில்தான். இது விதிப்படி நடப்பது, பெட்டியின் பழுது இல்லை.

தானியங்கித் தேர்வை நிறுத்தி 44இல் வைத்துவிட்டேன். 36 முதல் 48 வரை இந்தத் தொல்லை இல்லை. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அங்கேயே குவிந்திருந்தால் வேகம் கொஞ்சம் குறையலாம், எனக்கு நிற்கும் இணைப்புதான் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றைப் பிடியுங்கள். நடுவில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும்.

மார்ச் 19

நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டரை மாட்டியவருக்கு: இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் உள்ளே எது வெளியே எது என்று ரவுட்டருக்கே குழப்பம். முன் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் இயங்குவது) மாற்றுங்கள், முடியாவிட்டால் உங்கள் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 மாதிரி வேறொன்றாக்குங்கள். கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் அது யாரிடமும் முகவரி வாங்கவில்லை என்று பொருள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும், ஒன்று அறுந்தால் 100 மெகாபிட்டுக்கு இறங்கும் அல்லது இணைந்து இணைந்து விடும்.

மார்ச் 27

டிஎஸ்எல் நேரம் இன்னும் தொடர்ந்து ஓடுகிறது. பிழை எண்ணிக்கை மிகவும் குறைவு, தாமதமும் நேற்று முதல் குறைந்திருக்கிறது, கண்காணிப்பு ஏற்பாடு தளர்த்திவிட்டது போல. பெட்டியை மாற்ற வேண்டாம் என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்ட தொழில்நுட்பப் பணியாளரிடம் மாடி வயரையும் அடாப்டரையும் பற்றிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

டிவி கேபிள் வழியே இணையம் தரும் கேபிள் மோடத்தில் டி3, டி4 என்று லாக்கில் வருவதாக இன்று எழுதியவருக்கு: மோடம் எதிர்பார்த்தது மறுமுனையிலிருந்து உரிய நேரத்தில் வரவில்லை என்பதுதான் அது. கோஆக்ஸ் (அந்த வட்டமான டிவி கேபிள்) முனைகளைக் கையால் இறுக்குங்கள், பயன்படுத்தாத பிரிப்பான்களை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால், உள்வரும் சமிக்ஞையின் அளவு எத்தனை டிபிஎம்வி (அதன் வலிமையைச் சொல்லும் அலகு), வெளிச்செல்லும் அளவு எத்தனை என்று இரண்டையும் இங்கே போடுங்கள், மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரையும் சேர்த்து.